மூன்று பேருக்கு ஒரு மேசை

ஓட்டல் முன்கூடம்,
காலை, காபி குடித்த கையோடு

அன்புள்ள சின்ன முதலாளிக்கு அப்பா எழுதுவது.

நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஆபீசில் யாரோடும் மல்லுக்கு நிற்காமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் இதை ஆரம்பிக்கிறேன். நானும் அம்மாவும் திடமாகத்தான் இருக்கிறோம். என் வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் எதிரில் நின்ற சித்தியைப் பார்த்து, "நீ எப்ப இவ்வளவு வயசான?" என்று கேட்டாராம். கண் வந்துவிட்டது, சித்தியிடமிருந்து பேச்சுத்தான் இன்னும் வரவில்லை. கடை நன்றாக ஓடுகிறது, புதுக் குடித்தனக்காரர்கள் நிறைய வருகிறார்கள், திரைச்சீலை எடுக்க வந்து மெத்தை விரிப்பும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இதையெல்லாம் போனில் சொல்லாமல் எதற்கு இந்த மனுஷர் காகிதத்தில் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். போனில் எங்கே என்னைப் பேச விட்டீர்கள்? பக்கத்தில் நின்றுகொண்டு அம்மா, "சளி போச்சான்னு அவகிட்ட கேளுங்க" என்பாள். அந்தப் பக்கமிருந்து நீ, "போச்சுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்பாய். அம்மாவின் காதுக்கு உன் குரல் நன்றாகக் கேட்கும், ஆனாலும் நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் அவளுக்குக் கேட்டதாகக் கணக்கு. இரண்டு வருடமாகக் கமிஷன் இல்லாத தரகனாக உங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கிறேன். லாபம் இல்லாத வேலையை நான் இத்தனை நாள் செய்ததே பெரிது. அதை விட்டுவிடலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன், அந்தச் சங்கதியைத்தான் நிதானமாக, யாரும் நடுவில் பேசாமல், உன்னிடம் சொல்ல வேண்டும். 

முதலில் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஓட்டலில்! அதுவும் வியாபார விஷயமாகப் போய் ஸ்டேஷன் பக்கத்தில் ஒண்டுகிற மாதிரி ஓட்டல் இல்லை. நம் ஊரிலிருந்து ரயிலில் ஒரு பகல் பயணம், துறைமுகப் பட்டணம், அதில் கடலைப் பார்த்த தெருவில் ஒரு பழைய மாளிகை. ஒரு காலத்தில் கப்பல் ஏஜெண்டு ஒருவர் குடும்பத்தோடு இருக்கக் கட்டினாராம், அவர் நொடித்த பிறகு ஒரு வங்கி அதை வாங்கி அங்கே இயங்கியிருக்கிறது, வங்கியும் போன பிறகு பல காலம் பூட்டிக் கிடந்து, இப்போது பழைய கட்டிடத்தை இடிக்காமல் அப்படியே பழுது பார்த்து ஓட்டல் ஆக்கியிருக்கிறார்கள். விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் அறைகள். ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. எங்கள் அறை கப்பல்காரர் கடலைப் பார்த்துக்கொண்டு கணக்கு பார்த்த அறையாம், ஜன்னல் தரையிலிருந்து உத்தரம் வரை நீளம், அம்மா உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்த ஜன்னலுக்கு யாரு சீலை தச்சது? தச்சவன் கையில காசு கொடுத்தாங்களா, இல்ல அடி கொடுத்தாங்களா?" என்று கேட்டாள். பெட்டியைத் தூக்கி வந்தவர் பயந்துபோனார். மரத்தரை நடந்தால் முனகும், குழாயில் வெந்நீர் வருவதற்குள் நமக்குக் குளிக்கிற எண்ணமே போய்விடும், ஆனால் அந்தப் படிக்கட்டு இருக்கிறதே, சங்கு மாதிரி சுற்றிக்கொண்டு மேலே போகிறது, கைப்பிடி மரம் வழவழவென்று தேய்ந்து மினுங்குகிறது. என் முழங்கால்கூட அந்தப் படிக்கு மட்டும் மரியாதை கொடுக்கிறது. வங்கியாக இருந்தபோது பணப்பெட்டகம் வைத்திருந்த அறையில்தான் காலைச் சாப்பாடு. ஒரு சாண் கனத்துக்கு இரும்புக் கதவு, அதை நிரந்தரமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். அம்மா முதல் நாள் கதவுக்கு மிக அருகில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ரொட்டியைத் தொட்டாள். "பணத்தைப் பூட்டினாங்க சரி, என்னையும் சேர்த்துப் பூட்டினா யாரு திறப்பா?" என்றாள்.

எங்களுக்கு விருந்தாளியாக இருக்கத் தெரியவில்லை என்பதை இங்கே வந்துதான் கண்டுபிடித்தோம். காலையில் எழுந்ததும் அம்மா விரிப்பை உதறி, ஓரம் பிசகாமல் மடித்துச் சொருகி, தலையணை உறையை இழுத்துச் சரிசெய்து வைத்துவிடுகிறாள். அறை கூட்டுகிற அம்மாள் கீழே போய், "கடல் பார்த்த அறையில இருக்கறவங்க தூங்கறதே இல்லம்மா, எனக்கு பயமா இருக்கு" என்று புகார் செய்திருக்கிறார். ஓட்டலை நிர்வகிக்கிற பெண்மணி இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்தோடு நடமாடுகிறவர், எல்லோரும் அவரைச் சாவியம்மா என்றுதான் சொல்கிறார்கள், அவரே மேலே வந்து விசாரித்தார். அம்மா விரிப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் நிமிண்டிக் காட்டி, "துணி நல்ல துணி, இழை நெருக்கம் நல்லா இருக்கு, ஆனா ஓரம் அடிச்சவன் சோம்பேறி, ஆறு சலவைக்கு மேல நிக்காது" என்று பாடம் எடுத்து அனுப்பினாள். என் கதை இன்னும் மோசம். முன்கூடத்தில் தெருவாசலைப் பார்த்தபடி ஒரு கை வைத்த நாற்காலி கிடக்கிறது. வாசலைப் பார்த்து நாற்காலி இருந்தால் நான் வேறு எங்கே உட்காருவேன், நீயே சொல். உட்கார்ந்த பழக்கத்தில் உள்ளே வருகிறவர்களை "வாங்க வாங்க" என்று சொல்லியும் தொலைத்தேன். இளம் தம்பதி ஒன்று பெட்டிகளோடு வந்து தயங்கித் தயங்கி, "அறை எப்படிங்க இருக்கும்?" என்று என்னைக் கேட்டது. "தரை கிறீச்சுங்கும், வெந்நீர் லேட்டாகும், மெத்தை முதல் தரம், காலைல ஜன்னலைத் திறந்தா நேரா கப்பல் தெரியும். வேற எங்கயாவது போய்ப் பார்த்துட்டு வேணும்னாலும் வாங்க, அறை இருந்தா தருவாங்க" என்றேன். அவர்கள் வேறு எங்கும் போகவில்லை. பிறகுதான் நான் முதலாளி இல்லை என்று தெரிந்து அந்தப் பையன் சிரித்த சிரிப்பு! சாவியம்மா, "ஐயா, நீங்க ஊருக்குப் போகாதீங்க, அந்த நாற்காலிக்கு உங்களையே போட்டுடறேன்" என்கிறார். சம்பளம் என்ன என்று கேட்டிருக்கிறேன்.

சரி, இத்தனை வருடம் கடையை ஒரு நாள் மூடாதவன் கத்திரிக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு எதற்கு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்? (கத்திரிக்காரர் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். அம்மா போன் செய்வதுதான் அவருக்கு இடைஞ்சல். "அம்மா, நீங்க போனை வச்சாத்தான் நான் துணி வெட்ட முடியும்" என்று நேற்று கெஞ்சினார்.) உனக்கு என் பழக்கம் தெரியும். எவ்வளவு பெரிய ஆலைக்காரர் வந்து எவ்வளவு இனிக்கப் பேசினாலும், ஒரு முழம் வெட்டி வாங்கி, தண்ணீரில் ஊறப்போட்டு, கசக்கி, வெயிலில் காயவைத்து, சுருங்குகிறதா சாயம் போகிறதா என்று பார்த்த பிறகுதான் பேல் பேலாகச் சரக்கு இறக்குவேன். இந்த ஓட்டல் வாசம் அந்த ஒரு முழம். நான் இறக்கப் பார்க்கிற பேல் பெரிய பேல். உங்கம்மாவை விமானத்தில் ஏற்றி, கடல் தாண்டி, ஸ்பானிஷ் பேசுகிற ஒரு நாட்டுக்கு அழைத்துப் போகப் போகிறேன். அந்த நாட்டின் விளம்பரப் படத்தாளை இத்தோடு மடித்து வைத்திருக்கிறேன், பார். நீலக் கதவு போட்ட அந்தத் தெருவைப் பார்த்தாயா? எனக்கு அந்தப் படத்தை எடுத்துப் பார்க்காமல் ஒரு வேளை போவதில்லை. சக்கரம் வைத்த பெட்டி வாங்கிவிட்டேன். அதை இந்த ஓட்டல் நடையில் காலியாக உருட்டிப் பழகினேன் என்று சொன்னால் சிரிக்காதே. வேற்றிடத்தில் தங்கினால் அம்மாவுக்குத் தூக்கம் வருமா, வேறு சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா, கடையைப் பிரிந்து மூச்சு விடுவாளா என்று ஊறப்போட்டுப் பார்க்கத்தான் இங்கே அழைத்து வந்தேன். சுருங்கவில்லை, சாயம் போகவில்லை. எனக்கு முன்னால் குறட்டை விடுகிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ கடைசியாக ஊருக்கு வந்திருந்தபோது, வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, "இந்த நாலு செவுத்துக்குள்ள என்ன இருக்கு? மூடிட்டு எங்கூட வந்து நிம்மதியா இருங்க" என்று அம்மாவிடம் சொன்னாய். அன்பில்தான் சொன்னாய், எனக்குத் தெரியும், அவள் கால் வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னாய். அம்மாவுக்குக் காதில் விழுந்தது அன்பு இல்லை. அவள் தைத்து, அவள் விற்று, உன்னைக் கல்லா மேல் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்த இடம் அது. "உன் வீட்டு சோபாவுல பொம்மை மாதிரி வந்து உக்கார மாட்டேன், என்னைக் கூப்பிடாதே" என்றாள். "நீங்க அங்க வராத வரைக்கும் நானும் இங்க வரலை" என்று நீ சொன்னாய். யார் சரி, யார் தப்பு என்று நான் சொல்லப் போவதில்லை, இரண்டு பக்கமும் சரக்கு எடுக்கிறவன் அந்த வேலைக்குப் போகக் கூடாது. ஆனால் வியாபாரத்தில் இந்த முடிச்சுக்கு வழி இருக்கிறது. நம் எதிர்க்கடை திரைக்கம்பிக்காரரை நினைவிருக்கிறதா, நீ கம்பி மாமா என்று கூப்பிடுவாயே, அவருக்கும் எனக்கும் சரக்கு வண்டி நிறுத்துகிற தகராறு எத்தனை மாதம் இழுத்தது! பேசித் தீர்க்கலாம் என்று அவரை நம் கடைக்குக் கூப்பிட்டேன், நான் என் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவர் எழுந்து போய்விட்டார். அவர் கடைக்கு நான் போனேன், அவர் எனக்கு ஸ்டூல் போட்டார், நான் உட்காராமல் திரும்பிவிட்டேன். கடைசியில் தற்செயலாக ஒரே நேரத்தில் சலூனில் மாட்டினோம். இருவர் கழுத்திலும் வெள்ளைத்துணி, இருவர் முகத்திலும் நுரை. நுரையோடு எவனாலும் மீசையை முறுக்க முடியாது, பாதி சவரத்தில் கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் முடியாது. கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்தோம், அவர் முதலில் சிரித்தாரா நான் சிரித்தேனா என்பதில்தான் இன்றுவரை தகராறு. காலையில் அவருக்கு, மதியம் எனக்கு என்று அங்கேயே தீர்ந்தது. அதிலிருந்து நம் தெருவில் யாருக்குள் மனத்தாங்கல் வந்தாலும், "சலூனுக்கு வாங்க" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அங்கே யாருக்கும் சொந்த நாற்காலி கிடையாது, அதுதான் அதில் விசேஷம்.

உங்கள் இருவருக்கும் அப்படி ஒரு சலூன் தேடினேன். நம் வீடு அவள் நாற்காலி, உன் வீடு உன் நாற்காலி. நம் ஊரில் அவள் வாயைத் திறந்தால் தெருவே திரும்பும், உன் ஊரில் நீ அந்த ஊர் மொழியைத் தண்ணீர் மாதிரி பேசுவாய், அவள் ஊமை மாதிரி உன் பின்னால் நிற்க வேண்டும். அவளுக்கு அது ஆகாது. டிக்கெட் போடுகிறவரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் படத்தாள்களை மேசை முழுக்கப் பரப்பி ஒவ்வொரு நாட்டின் பெருமையையும் சொல்லிக்கொண்டே வந்தார். நீலக் கதவுத் தெருவைக் காட்டியபோது, "இங்க என்ன பாஷை?" என்று கேட்டேன். ஸ்பானிஷ் என்றார். என் மகளுக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது, என் மனைவிக்கும் தெரியாது என்றேன். "கவலைப்படாதீங்க சார், தெரிஞ்ச பாஷை பேசற நாடா பார்த்துடலாம்" என்று தாளை மூடப் போனார். கையைப் பிடித்து நிறுத்தி, "இதையே போடுங்க" என்றேன். உனக்கும் எங்களுக்கும் ஏறக்குறைய ஒரே தூரம். யாரும் யாரையும் தேடிப் போனதாக ஆகாது. இதை அம்மாவிடம் முழுதாகச் சொல்லவில்லை. நாம் இருவரும் ஊர் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொன்னேன். போய் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அதுதான் நான் போட்ட தப்புக் கணக்கு.

இங்கே முன்கூடத்துக்கு அடுத்த பெரிய அறையில் கப்பல்காரர் காலத்துப் பியானோ ஒன்று இருக்கிறது. அதைச் சரிசெய்ய ஒரு பெண்மணி வந்து தங்கியிருக்கிறார், நாங்கள் வைத்த பெயர் சுருதியம்மா. அவருக்குத் தாய்மொழி ஸ்பானிஷ்! கும்பிடப் போன இடத்தில் சாமியே எதிரே வந்த மாதிரி இருந்தது எனக்கு. இந்த நாட்டில் பல வருடம் இருந்ததால் எங்களோடு நம் பாஷையில் தட்டுத் தடுமாறிப் பேசுகிறார். அம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள். முதலில் கற்றுக்கொண்டது வணக்கம் இல்லை, "குவாந்தோ", அப்படியென்றால் எவ்வளவு. இரண்டாவது "முய் காரோ", விலை ரொம்ப அதிகம். முகத்தைச் சுளித்துக்கொண்டு துணியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு அடி நகர்வதற்கு எந்த நாட்டிலும் மொழி வேண்டாம், அது அவளுக்குப் பிறவியிலேயே வரும். சுருதியம்மா கை தட்டிச் சிரித்து, "உங்க மனைவி எங்க சந்தையில ஜெயிச்சுடுவாங்க" என்றார். அங்கே துணிச் சந்தை ஒன்று மலையடிவாரத்தில் நடக்குமாம், கைத்தறிப் போர்வைகள் மலையாகக் குவித்திருப்பார்களாம். அதைக் கேட்டதிலிருந்து அம்மா பெட்டியில் ஒரு பக்கத்தைக் காலியாக வைக்கச் சொல்கிறாள். படகு இருக்கிறது, நடு முற்றம் வைத்த பழைய வீட்டு ஓட்டல் இருக்கிறது, நாள் முழுக்க நடந்தாலும் வெயில் தெரியாத சந்துகள் உண்டாம். எனக்கு இந்த வயதில் இப்படி ஒரு பரபரப்பு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். நான் என் பங்குக்குச் சாப்பாட்டுக் கடையில் கேட்பதற்கு ஒரு வாக்கியம் எழுதி வாங்கிக்கொண்டேன். "உனா மேசா பாரா த்ரெஸ்." சொல்லிப் பார், வாய்க்கு நன்றாக இருக்கிறது. எனக்கு எதையும் சத்தமாகச் சொன்னால்தான் மனதில் நிற்கும், கடையில் துணி அளக்கும்போதுகூடச் சத்தமாகத்தான் அளப்பேன். சவரம் செய்யும்போது, பல் தேய்க்கும்போது, குளியலறையில் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். குளியலறைக் கதவு கதவே அல்ல, வெறும் பலகை என்பதை யோசிக்கவில்லை.

அம்மா அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராகச் சுருதியம்மாவிடம் போய் நான் பாடியதை அப்படியே ஒப்பித்து அர்த்தம் கேட்டிருக்கிறாள். நேற்றுக் காலை அந்தப் பெட்டக அறையில், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, "என்னங்க, நாம ரெண்டு பேருதான போறோம்?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப மூணு பேருக்கு எதுக்கு மேசை கேக்கறீங்க?" என்றாள். பையை வைக்க ஒரு நாற்காலி வேண்டாமா என்றேன். "பை சாப்பிடுமா?" என்றாள். எத்தனையோ ஆலைக்காரர்களைச் சமாளித்தவன் அந்த ஒரு கேள்வியில் விழுந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சலூன் கணக்கையும் சேர்த்து. அம்மா கத்தியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். வெண்ணெய்க் கத்தியைத் தட்டில் வைத்தாள், முட்டுக் கொடுத்த நாற்காலியை நகர்த்தினாள், எழுந்து போய்விட்டாள்.

நான் என் வாசல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். யாரோ வந்து கடற்கரைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டார்கள், நான் மாடிப்படியைக் காட்டினேன். பெட்டி கட்டிக்கொண்டு இறங்கி வருவாள், ஊருக்கு டிக்கெட் எடுங்கள் என்பாள், இனி போனில் "அவகிட்ட கேளுங்க" என்பதுகூட இருக்காது என்று நினைத்தேன். உண்மையாகச் சொல்கிறேன், பயந்தேன். மேலே போய்ப் பார்த்தேன், அறையில் இல்லை. பியானோ அறையிலிருந்து ஒரே ஒரு சுரம் திரும்பத் திரும்பக் கேட்டது, கம்பியை முறுக்கி முறுக்கிச் சரிபார்க்கிறார் போல. எட்டிப் பார்த்தால், சுருதியம்மாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருக்கிறாள், முதுகை எனக்குக் காட்டி. அந்தச் சுரம் நின்றதும், "மகளுக்கு உங்க பாஷையில என்ன?" என்று கேட்டாள். "ஈஹா" என்றார் அவர். "என் மகள்னு சொல்லணும்னா?" "மி ஈஹா." அம்மா அதைச் சொல்லிப் பார்த்தாள். குவாந்தோவைச் சொன்ன மாதிரி இல்லை, மெதுவாகச் சொன்னாள். எத்தனை பிள்ளைகள் என்று அவர் கேட்டதற்கு, "ஒண்ணுதான். அந்த ஒண்ணே பத்துப் பேருக்குப் பதில் சொல்லும்" என்றாள். நான் சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன். அந்தத் தரை மட்டும் முனகியது.

அரை மணி கழித்து எதிரில் வந்து நின்றாள். கடையில் விலை படியாதபோது கையைக் கட்டிக்கொண்டு நிற்பாளே, அதே நிற்பு. நிபந்தனைகளை வரிசையாகப் போட்டாள், நான் கேட்டபடியே எழுதுகிறேன். "கடையை மூடுங்கன்னு அவ வாயைத் திறக்கக் கூடாது. அவ எடைய பத்தி, முடிய பத்தி, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கறான்னு நானும் கேக்க மாட்டேன்." சரி என்றேன். "சந்தைக்கு நானும் அவளும்தான் போவோம், நீங்க வந்தா விலை கெடும்." சரி என்றேன். "சாப்பிட உக்காரும்போது நீங்க நடுவுல உக்காரக் கூடாது, ஓரத்துல உக்காருங்க." அதற்கு, வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று தலையை மட்டும் ஆட்டினேன். எல்லாம் சொல்லிவிட்டுப் போகப் போனவள் திரும்பி, "அவ வருவாளாங்க?" என்று கேட்டாள். விலையைச் சொல்லிவிட்டு, எடுப்பாரா மாட்டாரா என்று வாடிக்கையாளர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்போமே, அந்தப் பார்வை. இத்தனை வருடத்தில் அவள் யார் முன்னாலும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. தெரியாது, கேட்டு எழுதுகிறேன் என்றேன். உன் சார்பில் வாக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

அதனால் இப்போது பந்து உன்னிடம். அம்மாவிடம் மறைத்து ஒரு தடவை மாட்டிக்கொண்டேன், உன்னிடம் மறைக்கப் போவதில்லை, உள்ளதை உள்ளபடி விரித்துப் போட்டுவிட்டேன், கறை இருக்கிற பக்கத்தையும் சேர்த்து. நீ வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல், நான் கோபிக்க மாட்டேன், நாங்கள் இருவரும் போய் அந்த நீலக் கதவுகளைப் பார்த்துவிட்டு வருவோம். ஆனால் வேலை இருக்கிறது, லீவு கிடைக்காது என்று பூசி மெழுகாதே, அம்மா அதைக் கட்டைவிரலில் நிமிண்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். உங்கள் ஆபீஸ் வருட நடுவில் மூடுகிற அந்தச் சமயத்துக்குத்தான் டிக்கெட்காரர் இடம் பார்த்து வைத்திருக்கிறார், மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். வருவதாக இருந்தால் பாஸ்போர்ட் காலாவதி தேதியை இன்றைக்கே எடுத்துப் பார், நீ எதையும் கடைசி நாளில் தேடுகிறவள். அந்தத் தெருவெல்லாம் கல் பாவியதாம், குதிகால் செருப்பு கொண்டுவராதே. மொழியைப் படித்துக்கொண்டு வந்து பெரிய மனுஷி மாதிரி நிற்காதே, மூவரும் சேர்ந்தே தடுமாறலாம், அதில்தான் என் கணக்கெல்லாம் இருக்கிறது. சாப்பாட்டுக் கடையில் மேசை கேட்கிற பொறுப்பை மட்டும் எனக்கு விட்டுவிடு.

நீ நன்றாக இருக்க வேண்டும், கையில் வேலையும் வயிற்றில் பசியும் படுத்ததும் தூக்கமும் உனக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எங்கள் இருவருடைய ஆசியும் எப்போதும் உன் பக்கம்தான், நடுவில் தரகன் இல்லாமலே வந்து சேரும். சித்திக்கு ஒரு போன் போட்டுப் பேசு, சித்தப்பா பாவம். பாஸ்போர்ட்டை மறக்காதே.

இப்படிக்கு,
வாசல் நாற்காலியில் இருந்து,
உன் அப்பா

பி.கு.: மடித்து உறையில் போடப் போனேன், அம்மா வந்து வாங்கிப் படித்தாள். பேனாவையும் வாங்கிக்கொண்டாள். இதற்குக் கீழே உள்ளது அவள் கை.

அப்பா பாதிக் கதை விடுகிறார். நான் குறட்டை விடுவதில்லை. அந்த ஊர்த் தலையணைகள் எப்படி இருக்குமோ, நம்ப முடியாது, நான் தைத்துக் கொண்டுவருகிறேன். முன்பு உனக்குத் தட்டையாக இருக்க வேண்டும், உயரமாக இருந்தால் தூக்கி எறிவாய். இப்போது எப்படி என்று எனக்குத் தெரியாது. உயரமா தட்டையா என்று சொல். என் நம்பருக்கே சொல், அப்பாவிடம் வேண்டாம்.

அம்மா